எதிரொலிப் பள்ளத்தில் வேலை

மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் உச்சியில் இருக்கிற கோபுரத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஏறி நின்று, நகரத்தை மேலிருந்து பார்த்து, தங்கள் வீடு எங்கே என்று விரலை நீட்டித் தேடி, கிடைக்காமல், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பின்பக்கச் சரிவில் இன்னும் சில இடங்கள் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கல்லால் தட்டினால் கணீரென்று ஒலிக்கிற மணிப்பாறை. மண்டை காய்கிற வெயிலிலும் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்த மாதிரி சில்லென்று காற்று விடுகிற மூச்சுப் பொந்து. அதையும் தாண்டி நடந்தால் எதிரொலிப் பள்ளம். அங்கே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு 'ஓ' என்று கத்தினால், எதிர்ப்பக்கப் பாறைகளிலிருந்து 'ஓ' என்று திரும்பி வரும்.

அப்படித் திரும்பி வருகிற 'ஓ' மௌனக்காவுடையது.

பின்சரிவைப் பெருக்குகிற வேலை அவளுக்கு. ஊழியர்களை ஏற்றிக்கொண்டு மேலே வருகிற வேனில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் வந்த பெயர்தான் மௌனக்கா. தினமும் காலையில் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்பார்.

"என்னக்கா, இன்னிக்கும் வாய்க்குப் பூட்டுப் போட்டு சாவிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?"

அவள் சிரித்து வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கணவர், பள்ளத்துக் காவல்காரர், அவளுக்காகப் பதில் சொல்வார்.

"சாவி என்கிட்டதான் இருக்கு. நீ ரோட்டப் பாத்து ஓட்டுய்யா."

நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை அது, காலையில் ஒரு வார்த்தையைக்கூட வீணாக்க முடியாது என்று அந்த வேனில் யாருக்குத் தெரியும்!

முதலில் பள்ளத்தில் நிஜமான எதிரொலிதான் இருந்தது. கோபுரத்துக்கு வருகிற கார்களுக்கு இடம் போதவில்லை என்று பார்க்கிங்கை அகலமாக்கினார்கள். அதற்காக எதிர்ப்பக்கத்துப் பெரிய பாறையைச் சீவி எடுத்தார்கள். அன்றோடு எதிரொலி செத்துப்போனது. காவல்காரர் வேலி ஓரம் நின்று விதவிதமாகக் கத்திப் பார்த்தார். கிணற்றில் போட்ட கல்லாவது 'டொபுக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். இங்கே ஒன்றுமே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. பெரிய பிள்ளைகள் கத்தினார்கள், எதுவும் திரும்பவில்லை. கடைசிக் குட்டிப் பெண் கத்தினாள், எதுவும் திரும்பவில்லை. அவளுக்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம் மிச்சமிருந்த பாறைக்குப் பின்னால் மௌனக்கா அப்போது சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். யோசிக்கவேயில்லை. 'ஊ...' என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

குழந்தை குதித்த குதி இருக்கிறதே! அதைவிட அதிகமாகக் குதித்தவர் காவல்காரர். "வந்துடுச்சு! திரும்ப வந்துடுச்சு!" என்று கூவிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி ஓடி வந்தவர், பாறைக்குப் பின்னால் கையில் துடைப்பத்தோடு நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது அப்படியே வேலையாக ஒட்டிக்கொண்டது.

விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. எதிரொலி போய்விட்டதென்று பள்ளத்தை மூடினால் காவல்காரரைப் பார்க்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நிழல் கிடையாது, நாள் முழுக்க நின்றுகொண்டே விசில் ஊத வேண்டும். அவருடைய வலது முட்டி, படி இறங்கும்போதே 'கடக்' என்று பேசுகிற முட்டி. அந்த முட்டிக்காகத்தான் மௌனக்கா கத்தினாள்.

தொழில் என்று வந்துவிட்டால் அதற்கொரு நேர்த்தி வந்துவிடும் இல்லையா. அடி உடைந்த பிளாஸ்டிக் வாளியை வாயருகே பிடித்துக் கத்தினால், குரல் குகையிலிருந்து வருவது போலக் கேட்கும். முழு வார்த்தையையும் திருப்பக் கூடாது, வாலை மட்டும் பிடிக்க வேண்டும். ஆம்பிளைக் குரலென்றால் நெஞ்சிலிருந்து, குழந்தைக் குரலென்றால் மூக்கிலிருந்து. யாராவது 'என்னங்க, பொம்பளக் குரலா கேக்குது?' என்று சந்தேகப்பட்டால் காவல்காரர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார். "பாறை சலிச்சுதான் அனுப்பும் சார். தடிச்ச குரல் அங்கயே நின்னுடும்."

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. அதை அவர்தான் போட்டார்.

"யாராவது கேள்வி கேட்டா, கேள்வியவே திருப்பிக் குடு. பதில் சொல்றது நம்ம வேல இல்ல."

இந்த விதி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதுதான் கூத்து. சாப்பிடும்போது அவர், "உப்பு போதுமா?" என்பார். அவள் அசதியில், "போதுமா?" என்பாள். "உன்னத்தான் கேட்டேன்." "கேட்டேன்." அவர் தலையில் அடித்துக்கொள்வார். முதலில் இதற்கும் சிரித்தார்கள். போகப்போகச் சிரிக்கத் தெம்பில்லை.

என்னென்ன கத்துகிறார்கள் மனிதர்கள்! காதலி பெயர், ஜெயித்த கட்சி பெயர், தன் பெயர். வாரம் தவறாமல் வருகிற ஒரு ஆபீஸ்காரர், தன் மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். மௌனக்கா அத்தனையையும் சிரத்தையாகத் திருப்பிக் கொடுப்பாள். தாலாட்டு கேட்ட பிள்ளை மாதிரி முகம் தெளிந்து அவர் இறங்கிப் போவார். அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் அடுத்தவர் பேச்சு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் குரல் மிச்சம் இருக்காது.

ஒருநாள் வயதான ஒருவர் தனியாக வந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மகளே! அப்பா மேல இன்னும் கோவமா?"

மகள் எங்கே இருந்தாளோ, இருந்தாளோ இல்லையோ! மௌனக்காவுக்கு 'இல்லப்பா' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விதி நினைவுக்கு வந்தது. முழுங்கினாள். வாளியைத் தூக்கி, "கோவமா...?" என்று திருப்பி அனுப்பினாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனார். முழுங்கின அந்தச் சொல் எங்கேயோ சிக்கிக்கொண்ட மாதிரி, அன்று முழுக்க அவளுக்குத் தண்ணீர்கூட நேராக இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தொண்டை கட்ட ஆரம்பித்தது. வெந்நீருக்கும் கேட்கவில்லை, மாத்திரைக்கும் கேட்கவில்லை. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கத்தற வேலையாம்மா? டீச்சரா?"

"பெருக்கற வேல."

"துடைப்பத்தோட சண்ட போடுவீங்களோ?" டாக்டரம்மா சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்தினார். "உள்ள ரெண்டு பக்கமும் தடிச்சுப் போயிருக்கு. இப்பவே வாய மூடிட்டு இருந்தீங்கன்னா குரல் தப்பிக்கும். இன்னும் கத்தினீங்கன்னா இருக்கறதும் போயிடும், அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

அன்று ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தபோது காவல்காரரிடம் இதைக் கிசுகிசுப்பாகச் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. அடிவாரத்துல புது போர்டு வைக்கப் போறாங்க. 'நீங்கள் பார்க்கத் தவறும் இடங்கள்'னு. அதுக்காக சூப்பர்வைசர் நேர்ல வந்து பாக்கறாரு. போர்டுல ஏறிட்டா நம்ம பள்ளத்த அப்புறம் எவனும் மூட முடியாது."

"ஏறிட்டா கூட்டம் வருமே."

"வரட்டுமே, நல்லதுதானே?"

"யார் கத்துவா?"

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. அந்தக் கோணத்தை அவர் யோசிக்கவே இல்லை. "அத அப்புறம் பாத்துக்கலாம்," என்றார், அவளைப் பார்க்காமல். அவளுக்குச் சண்டை போட ஆசைதான். ஆனால் சண்டைக்கும் குரல் வேண்டுமே.

சூப்பர்வைசர் வந்த அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. மௌனக்கா பாறைக்குப் பின்னால் வெந்நீர் ஃப்ளாஸ்க்கை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றோடு முடிந்தால் தேவலை என்று இருந்தது. முடியாது என்றும் தெரிந்தது.

"ஹலோ!" என்றார் சூப்பர்வைசர், ஆபீஸ் குரலில்.

"...லோ!"

அவ்வளவுதான், மனிதர் சின்னப் பையனாக மாறிவிட்டார். "மைக் டெஸ்டிங்!" "...ஸ்டிங்!" "கரெக்டா வருதேய்யா! டேய் மொட்டையா!" "...ட்டையா!" தன் பழைய சிநேகிதர்களின் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தொண்டையில் உப்புத்தாளைத் தேய்த்த மாதிரி எரிந்தது.

"போதும் சார்," என்றார் காவல்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு. "பாறை களைச்சிடப் போவுது."

"பாறைக்கு என்னய்யா களைப்பு?"

சொல்லிவிட்டு, இடுப்பில் கை வைத்து, மூச்சை இழுத்து, ஊரே கேட்கிற மாதிரி 'ஓ...' என்று ஒரு நீளக் கூவல் போட்டார். அதைத் திருப்ப வேண்டும். மௌனக்கா வாளியைத் தூக்கினாள். ஆரம்பித்த 'ஓ' பாதியில் கிழிந்தது. துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் பள்ளத்தைத் தாண்டிப் போனது. நாக்கில் ரத்த ருசி.

"என்னய்யா, எதிரொலி கம்முது?" சூப்பர்வைசர் காதைத் தீட்டினார். "இரு, இன்னொரு தடவ போடறேன்."

காவல்காரர் கம்பியை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கிழிந்த சத்தத்தை அவருக்குத் தெரியும். வீட்டில் நாள்கணக்காக அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தவர் அவர்தானே. சூப்பர்வைசர் மறுபடி மூச்சை இழுத்தார். அதை அவர் வெளியே விடுவதற்குள் காவல்காரர் பள்ளத்தைப் பார்த்துக் கத்தினார்.

"போதும்மா! வந்துடும்மா!"

வாளி இன்னும் அவள் வாயருகேதான் இருந்தது. '...துடும்மா' என்று வாலைப் பிடிக்க உதடுகூடக் குவிந்துவிட்டது. எத்தனை பேர் கத்தியிருக்கிறார்கள் அந்தப் பள்ளத்தில்! பாறையைக் கூப்பிட்டார்கள், தங்களையே கூப்பிட்டார்கள், இல்லாதவர்களைக் கூப்பிட்டார்கள். அவளைப் பார்த்து, அவளுக்கென்று, ஒரு குரல் அங்கே வந்தது இதுதான் முதல் தடவை. அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"வரேங்க!"

கரகரத்த, உடைந்த குரல்தான். ஆனால் அவளுடைய குரல்.

இழுத்த மூச்சை விட மறந்து நின்றார் சூப்பர்வைசர். "யோவ்! பாறை 'வரேங்க'ங்குது! கல்யாணம் ஆன பாறையாய்யா?"

"அது பாறை இல்ல சார்," என்றார் காவல்காரர். "என் வீட்டுக்காரி."

எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். மௌனக்கா புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி மெல்ல நடந்து வந்தாள். தலைப்பில் இருந்த சிவப்பைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "நான் வேற அத்தன தடவ..." என்றார்.

ஆனாலும் ஆபீஸ் ஆபீஸ்தான். அடிவாரத்துப் புது போர்டில் மணிப்பாறை இருக்கிறது, மூச்சுப் பொந்து இருக்கிறது. பள்ளத்துக்குப் போகிற வழியில் பூட்டுத் தொங்குகிறது. காவல்காரர் பார்க்கிங்கில் விசில் ஊதுகிறார். சூப்பர்வைசர் புண்ணியத்தில் உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்தது. அதில் உட்காரத்தான் கார்கள் விடுவதில்லை. மௌனக்கா பெருக்குகிறாள், யாரிடமும் பேசுவதில்லை. இப்போது அது டாக்டரம்மா உத்தரவு. டிரைவருக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து பூட்டு சாவி ஜோக்கை விட்டுவிட்டார். காலையில் ஒரு தலையசைப்போடு சரி.

நேற்று சாயங்காலம் காவல்காரர் வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியை நீவிக்கொண்டார். முகம் வெயிலில் வதங்கிப் போயிருந்தது.

"மத்தியானம் பார்க்கிங்ல ஈ காக்கா இல்ல. பழைய பாறை இருந்த இடத்துல நின்னு ஒரு தடவ கத்திப் பாத்தேன்."

அவள் அடுப்பிலிருந்து திரும்பி, என்னவென்று கேட்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

"சாப்பிட்டியான்னு."

வந்ததா என்று கையை விரித்தாள்.

"ஒண்ணும் வரல."

மௌனக்கா அலமாரியிலிருந்து தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு தன்னுடையதையும் எடுத்து, காலியாக, அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.