முனியாயி கடைக் கயிறும் புளியங்கொட்டையும்

குன்றாண்டார்கோவில் புளியமரத்தடியில் முனியாயி மதினிக்கு ஒரு பெட்டிக்கடை. தூணில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று தொங்கும். நுனியில் எந்நேரமும் கங்கு இருக்கும். பீடி வாங்குகிறவர்கள் அதில் பற்றவைத்துக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்களும் அங்கேதான் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் என் மகன் ஆத்மநாதனும் உண்டு என்று ஐம்பத்தேழாம் வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு அப்போது பதினாறு வயது.

அவன் அப்பா அடித்தார். அடி வாங்கிய கையோடு கொல்லைக்குப் போய் ஒரு பீடியைப் பற்றவைத்தான். நான் நேரே கடைக்குப் போனேன்.

“புள்ளைகளைக் கெடுக்கிற யாவாரம் ஒனக்கு எதுக்கு மதினி?”

அவள் தொண்டை கண்மாய்க்கரை வரைக்கும் கேட்கும். அன்றைக்கென்று மெதுவாகப் பேசினாள். “நான் குடுக்கலேன்னா கீரனூருக்கு நடந்துபோயி வாங்குவான். இங்கிட்டே வரட்டும். எங்கண்ணு முன்னால வரட்டும்.”

மறுநாள் கயிற்றை அவிழ்த்து, உள்ளே தான் உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் கட்டிவிட்டாள். பற்றவைக்கிறவன் அவள் முகத்துக்கு நேரே குனிய வேண்டும். பாதிப் பையன்கள் அதோடு விட்டார்கள். என் மகன் விடவில்லை. குடிக்காத நாளில் சோறு இறங்காது. “குடிக்காட்டி தலை வெடிக்குது அயித்தை” என்று அவளிடமே அழுதிருக்கிறான்.

வறுத்த புளியங்கொட்டை ஒன்றை அவன் கையில் வைத்தாள். “வாயில அதக்கு. மென்னு முடிச்சப்புறமும் வேணும்னா கேளு, தாரேன்.”

அது ஊறி மெல்லும் பதத்துக்கு வருவதற்குள் அந்த வேகம் தணிந்துவிடும். பல நாள் கேட்காமலே போனான். சில நாள் கேட்டான். சொன்ன சொல்லுக்குக் கொடுத்தாள்.

ஒருநாள், “நீ மட்டும் பொகையிலை போடலாமா அயித்தை?” என்றான்.

பன்னிரண்டு வயதிலிருந்து போடுகிறவள். “இது வெத்தலையோட சேந்ததுடா.”

“அப்ப நானும் பீடிய வெத்தலையில சுத்திக் குடிக்கிறேன்.”

 மதினி புகையிலைச் சுருக்குப்பையைக் குப்பையில் உதறினாள். “நீ தொட்டா நானும் தொடுவேன், பாத்துக்க.”

அந்த மாதம் கடைப்பக்கம் போகவே பயம். சீனி கேட்டால் உப்பைக் கட்டிக் கொடுத்தாள். தபால்காரரை ஒன்றுமில்லாததற்கு வைது அனுப்பினாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஆளுக்கொரு கொட்டையை அதக்கிக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

நடுவில் மணமேல்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவன் தலை குனிந்து நின்றான். “ரெண்டு குடிச்சிட்டேன் அயித்தை. நீயும் போட்டுக்க.”

அவள் வாயில் எச்சில் ஊறியிருக்கும், எனக்குத் தெரியும். “நான் எதுக்குடா போடணும்? நாப்பத்தோரு நாள் இருந்தவனுக்கு நாளையிலேருந்து இருக்க முடியாதா? இந்தா, கொட்டையப் பிடி.”

அடுத்த தைக்குள் அவன் பீடி கேட்பது நின்றது. அவளும் அதற்கப்புறம் புகையிலையைத் தொடவில்லை.

ஒரு காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. “நாப்பது வருசமா பொகையிலை எடுக்காத பல்லை இந்தக் கொட்டை எடுத்துருச்சுடி!”

அன்றிலிருந்து ஆத்மநாதன் ராத்திரியே கொட்டையை ஊறப்போட்டு, விடிந்ததும் தோல் உரித்து, அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான்.