‘மரம் வெட்டப்பட்டது’

லைக்கன் சேகரித்துப் பதிவு செய்வது என் வேலை. அம்மாவுக்கு அது இன்றும் கல்பாசிதான். "பிரியாணியில போடுற சாமானுக்கு ஒரு ஆபீஸ், அதுக்கு ஒரு சம்பளம்!" என்பாள். ஆனால் லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்த நாவல் மரத்தில் சாம்பல் நிறமாக ஒன்று படர்ந்திருப்பதை முதலில் பார்த்தவள் அவள்தான். டெல்லிக் காற்றில் லைக்கன் பிழைத்திருப்பதே அபூர்வம். உள்ளங்கை அளவு இருந்தது. நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கொஞ்சம் எடு, மிச்சத்தை மரத்திலேயே விடு என்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. அதுவரை நான் மீறியதில்லை. காலனியை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, வெட்டவேண்டிய மரங்களில் சிவப்பு எண் போட்டார்கள். நாவலுக்கும் விழுந்தது. எப்படியும் சாகப்போகிறது, ஆபீஸ் அலமாரியிலாவது இருக்கட்டும் என்று உளியை வைத்துப் பட்டையோடு முழுவதையும் பெயர்த்தேன். அம்மா பால்கனியில் நின்றிருந்தாள்.

"கொஞ்சம் விட்டு வைடி. வெட்டுறப்ப வெட்டட்டும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சும்மா இரு."

உலர்த்தி, காகித உறையிலிட்டு, இடம், தேதி எல்லாம் லேபிளில் எழுதினேன். யாரும் கேட்காமலே ‘மரம் வெட்டப்பட்டது’ என்றும் சேர்த்தேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

வீட்டைக் காலி செய்து மோதி பாக் வந்துவிட்டோம். இரண்டு குளிர்காலம் கழித்து ஆட்டோவில் அந்தப் பக்கம் போனேன். புதுக் கட்டடங்களின் சுற்றுச்சுவரை நாலடி உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார்கள். சுவருக்கு வெளியே என் நாவல் மரம் நின்றது. சிவப்பு எண் பாதி அழிந்திருந்தது, உளி பட்ட இடம் அழியவில்லை. அடியிலிருந்து கைக்கெட்டும் உயரம்வரை தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு பொட்டுகூட இல்லை. "ஜல்தி, மேடம்" என்றார் ஆட்டோக்காரர். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்புறமும் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். எதுவும் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

எங்கள் ஆபீஸில் பழைய லேபிளை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டி, பெயர் போட வேண்டும். அடுத்தவர் பிழைகளுக்கு எத்தனையோ சீட்டு ஒட்டியிருக்கிறேன். நேற்று எனக்கு ஒட்டினேன்: ‘மரம் உள்ளது. லைக்கன் இல்லை. முழுவதையும் எடுத்தவர் சேகரித்தவரே.’

சாயங்காலம் காபி கொடுக்கும்போது அம்மா கேட்டாள்.

"அந்த நாவ மரம் என்னடி ஆச்சு?"

"வெட்டிட்டாங்கம்மா."

"அச்சா... நல்லவேளை, நீ முழுசா எடுத்து வெச்ச. நான்தான் தெரியாம தடுத்தேன்."

நான் தலையாட்டினேன்.