தம்பியின் ஹார்ட் டிஸ்க்

போர்ட் பிளேர் பக்கம் வண்டூரில், அடியில் கண்ணாடி பதித்த சுற்றுலாப் படகு ஓட்டிய என் தம்பி மஞ்சள் காமாலையில் இறந்தபோது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. படகில் அவன் எடுத்த வீடியோக்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தன. படத்தில் வருவது மீன்களும் பவளமும்தான், அவன் முகம் இருக்காது. ஆனால் பயணிகளிடம் பேசிக்கொண்டே இருப்பான். அவன் குரல் என்று எங்களுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

அவன் போனபின் அம்மா தீவில் இருக்கப் பிடிக்காமல் சென்னையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்யும்போதெல்லாம், "அவன் பேசினதக் கொண்டாந்து போடுடி" என்பாள்.

டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் டிக் டிக் என்று சத்தம் வந்ததே தவிர எதுவும் திறக்கவில்லை. போர்ட் பிளேர் கடைக்காரர், இங்கே நோண்டினால் இருப்பதும் போய்விடும், மெயின்லேண்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். விமான நிலைய எக்ஸ்ரேயில் அழிந்துவிடாதா என்று கேட்டேன்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் ஆகாதுக்கா. ஜட்கா மட்டும் படக்கூடாது, இடிபடவோ கீழ விழவோ கூடாது. பெட்டியில போட்டு விட்றாதீங்க, கையிலயே வச்சுக்குங்க."

துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பாதுகாப்புச் சோதனையில் அதைத் தனியாக டிரேயில் வைக்கச் சொன்னார்கள். கையால் சோதிக்க முடியுமா என்று அங்கிருந்த காவலர் பெண்ணிடம் இந்தியில் கெஞ்சினேன். "குச் நஹி ஹோகா, தீதி" ஒன்றும் ஆகாது என்று தோளைத் தட்டினாள். வைத்தேன்.

அவள் சொன்னபடி எக்ஸ்ரே ஒன்றும் செய்யவில்லை. டிரே மறுபக்கம் வந்து நின்றது. நான் சோதனை முடிந்து வருவதற்குள், பின்னால் வந்த கனமான பை ஒன்று அதை இடித்துத் தள்ளியது. டிஸ்க் தரையில் விழுந்தது. காவலர் பெண் ஓடிவந்து இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். பைக்காரர் ஸாரி என்றார். 

சென்னையில் அதைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே தகடெல்லாம் கீறிவிட்டது, இனி எதுவும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை. "அதுல அவன் என்ன பேசுவான்? நீயாவது சொல்லு" என்றாள்.

படகில் வரும் பெண்களிடம் அவன் சொல்வதை அவனைப் போலவே சொல்லிப் பார்த்தேன். "டரோ மத் பாபி, பயப்படாதீங்க, தண்ணி ஒண்ணும் பண்ணாது, குனிஞ்சு பாருங்க..."

"இப்படியா பேசுவான்?" என்றாள் அம்மா. "அவன் சிரிச்சுக்கிட்டேல்ல சொல்லுவான்."

மறுபடி சொன்னேன். எனக்குச் சிரிக்க வரவில்லை.