அக்காவின் மைக்ரோஸ்கோப்பும் நான் வைத்த பொட்டும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வந்திருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் வாழ்க்கையைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அக்கா பிறந்தது சாமல்பட்டியில். மழையை நம்பிய நிலம் எங்களுடையது. அவர் தினமும் ரயிலில் போய் டிப்ளமோ படித்தார். ஓசூரில் வேலை கிடைத்ததும் மத்திகிரியில் வாடகைக்கு வீடு பிடித்து என்னையும் அழைத்துக்கொண்டார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், “தம்பி மொதல்ல காலூனட்டும்” என்று தள்ளிப்போட்டார். நான் காலூன்றிய பிறகு யாரும் அவரைக் கேட்கவில்லை.

பிறகு அக்கா, நான், அன்வர் பாய், இன்னும் இரண்டு கூட்டாளிகள் சேர்ந்து ஒரே ஷெட்டில் பட்டறை போட்டோம். ஒரு கல்லூரி வேண்டாம் என்று கழித்த பழைய எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை வாங்கி வந்ததும் அக்காதான். ஸ்பிரிங்கோ போல்ட்டோ உடைந்தால், ஏன் உடைந்தது என்று அதில் பார்த்துச் சொல்வார். அதற்குள் இருக்கும் காற்று முழுவதையும் பம்பு உறிஞ்சி எடுத்தால்தான் படம் தெரியும். வெறுங்கையால் உள்ளே தொட்டாலே விரல் பிசுக்கு ஒட்டிக் காரியம் கெட்டுவிடும். காற்று இறங்கும்வரை அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கண் திறந்திருக்கும், ஆள் இங்கே இருக்க மாட்டார். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவார்.

வேலை இல்லாத மதியங்களில் கேழ்வரகு உமி, பட்டு நூல், உலர்ந்த ரோஜா இதழ் என்று எதையாவது உள்ளே வைப்பார். திரையில் மலை மலையாக எழும்பும். “இங்க பாரு தம்பி, எவ்ளோ பெரிய ஊரு! ஒரு நடை போயிட்டு வரலாம் போல இருக்குது.” பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் கால் அந்த மலைகளில் நடப்பதுபோல் இருக்கும். நெடுஞ்சாலையில் லாரி போனால் மலைகளெல்லாம் நடுங்கும். அது அடங்கும்வரை காத்திருந்து மறுபடி பார்ப்போம்.

ஓர் ஆயுத பூஜை அன்று, சுத்தம் செய்வதற்காக அக்கா அதன் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பொரி வாங்கப் போயிருந்தார். லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த நான், பளபளவென்று இருந்த அந்தக் கதவின் உள்விளிம்பிலும் மூன்று பொட்டு வைத்தேன். வைத்த பிறகுதான், உள்ளே எதுவும் படக் கூடாது என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. சட்டென்று துண்டால் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பூஜை முடிந்து மெஷினைப் போட்டால் காற்று இறங்கவே இல்லை. அக்கா பம்புக்கு எண்ணெய் மாற்றினார், ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி மாட்டினார். நாட்கள் போயின. கூட்டாளி ஒருவர், “தீபாவளிக்குள்ள ஓடலைன்னா எடைக்குப் போட்றலாம்க்கா” என்று சொல்லிவிட்டார். அக்கா சோறு சரியாகச் சாப்பிடவில்லை. எல்லாம் தெரிந்தும் நான் ஊமையாக இருந்தேன்.

கடைசியில் கதவின் ரப்பர் வளையத்தடியில் கடுகளவு சந்தனத் துகளைக் கண்டுபிடித்து எடுத்தார். மெஷின் ஓடியது. என்ன கோளாறு என்று எல்லாரும் கேட்டதற்கு, “ரப்பர நான்தான் சரியா உக்கார வெக்கல” என்றார். என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஆண்டுகள் கழித்து, மருத்துவமனைப் படுக்கையில்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

“அந்தப் பொட்டு நீ வெச்சதுதானே?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“வெச்சது தப்பில்லடா. தொடச்சுட்டு சொல்லாம இருந்த பாரு, அதுதான் தப்பு.” பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, “மெஷின எடைக்கு மட்டும் போட்டுடாதீங்க” என்றார். நான்காம் நாள் போய்விட்டார்.

போன மாதம் நானும் அன்வர் பாயும் மெஷினைத் திறந்தோம். பாய் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கக் கழற்றிய கையுறையை மாட்டாமலேயே உள்ளே கையை விட்டுவிட்டேன். “பாய், உள்ள வெறுங்கை பட்டுடுச்சு. என் தப்புதான்.” பாய் சிரித்தார். “அதனாலென்ன, சொல்லிட்டியே. தொடச்சுட்டுப் போடு.” சுத்தம் செய்து மூடினோம். காற்று இறங்க வழக்கத்தைவிட நேரமாயிற்று. இறங்கியது.

அக்காவின் கடைசி நாட்களில் அருகிருந்த செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்காத நாட்களில் சோறு கொண்டுவந்த பாய் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்று உங்கள் கையில் கொடுத்த இந்த நினைவுப் புத்தகத்தின் அட்டையில் இருப்பது எந்த ஊர் மலை என்று சிலர் கேட்டீர்கள். அக்காவின் படத்துக்குப் போட்ட மாலையிலிருந்து எடுத்த ரோஜா இதழ் அது. மெஷினில் நானே எடுத்த முதல் படம். வலது மூலையில் ஓர் அழுக்கு தெரியும். இதழை வைக்கும்போது என் விரல் பட்ட இடம். அச்சகத்தில் அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்கள். துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.