புது அட்டைப்பெட்டியில் பழைய அடுப்பு

கதவைத் திறந்ததும் விளக்கைப் போடமாட்டார். முதலில் மூக்கை உள்ளே அனுப்புவார். கருகல் வாடை, ஊசிப்போன பால், ஈரத் துண்டைச் சுருட்டி வைத்த நாற்றம், எதுவானாலும் வாசலிலேயே பிடிபட்டுவிடும். “புண்ணியவான், பாலைத் திறந்துபோட்டுட்டுக் கிளம்பிட்டான் பாரு” என்று, ஊர் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய ஒருவருக்கு அர்ச்சனை ஆரம்பமாகும். அர்ச்சனை நடக்கும்போதே ஜன்னல்கள் திறந்துகொள்ளும், விரிப்புகள் உருவப்படும், சிங்க்கில் தண்ணீர் கொட்டும்.

நாள் வாடகைக்கு விடும் மூன்று வீடுகள் அவர் பொறுப்பு, மூன்றும் ஒரே கட்டடத்தில். பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்யும், மூன்று மணிக்கு அடுத்தது வந்து இறங்கும். இடையிலுள்ள நான்கு மணி நேரத்தில், யாருமே குடியிருந்திராத வீடுபோல் அதை மாற்றியாக வேண்டும். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்குவதால், வாட்ச்மேனிலிருந்து லிஃப்ட் ரிப்பேர்காரர்வரை எல்லோருக்கும் அவர் சாவியக்கா. சொந்தப் பெயரைக் கேட்டால், “அது பாஸ்புக்குல பத்திரமா இருக்கு” என்பார்.

கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் அதெல்லாம் சிக்கிக்கொண்ட இழுப்பறைமேல், மூடாத குழாய்மேல், மிஞ்சிப்போனால் கண்ணில் படாத விருந்தாளிமேல். எதிரே ஆள் நின்றால் வாய் அடங்கிவிடும். மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். “அம்மா, இந்த வேலை போச்சுன்னா என் படிப்பும் போச்சு, கொஞ்சம் வாயைக் கட்டு” என்று தினமும் சொல்லித்தான் அனுப்புவாள். சாவியக்காவும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சமீபத்தில் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்திருக்கிறது. கரண்டில் ஓடும் எந்தச் சாமானையும் முதலில் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்க்கிறார். “உள்ளங்கை பட்டா பிடிச்சுக்கும், புறங்கை பட்டா உதறிக்கும்.” மூன்று வாரம் முன்பு, இரண்டாவது மாடி வீட்டுக் கரண்ட் அடுப்பு தூக்கி அடித்ததில் கற்ற பாடம் இது. இரண்டு நாள் முழங்கை மரத்துக் கிடந்தது. ஓனரிடம் சொன்னதற்கு, கை ஈரமாக இருந்திருக்கும் என்றார். முப்பது வருடமாக ஈரக் கையோடுதான் பிழைப்பு, சாவியக்காவுக்குத் தெரியாதா ஈரம் எது, ஷாக் எது என்று?

அடுத்த வாரம் அதே அடுப்பு, தங்க வந்த ஒரு பெரியவரையும் உதறிப்போட்டது. அவர் இணையத்தில் எழுதிய புகாரை ஊரெல்லாம் படித்தது. அப்புறம்தான் ஓனருக்குக் காது கேட்டது. நான்காவது மாடியிலிருந்த நல்ல அடுப்பை இரண்டாவது மாடிக்கு இறக்கினார். பழையதைக் குப்பையில் போட்டுவிடுவதாகச் சொல்லித் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நான்காவது மாடிக்குப் புதுசு வரும் என்றார். சாவியக்காவும் நம்பினார்.

இன்று மதியம் புதுசு வந்தது. ஓனரே தூக்கிக்கொண்டு வந்தார். பளபளக்கும் அட்டைப்பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் உறை. மூன்று மணிக்கு வரவிருப்பது ஒரு கணவன், மனைவி, ஒரு வயதுக் குழந்தை. குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு இருக்குமா என்று அந்தப் பெண் காலையில் போனில் கேட்டபோது, “கவலையே படாதீங்கம்மா, புது அடுப்பு வருது” என்று சொன்னதே சாவியக்காதான்.

உறையைக் கிழித்தார். இடது பக்கத் திருகுக்குக் கீழே பெருவிரல் அகலத்துக்கு ஒரு கறை. யாரோ பிளாஸ்டிக் கரண்டியை வைத்து உருக்கியது. இரண்டாவது மாடியில் உட்கார்ந்து அவரே பிளேடால் சுரண்டியும் போகாதது. பெட்டிக்கு அலைந்த நேரத்தில் அடுப்பையே வாங்கியிருக்கலாமே, பாவி மனுஷன்!

“சார், இது ரெண்டாவது மாடி அடுப்பு.”

ஓனர் சிரித்தார். மெக்கானிக் பார்த்துவிட்டானாம். அடுத்த வாரம் கட்டாயம் புதுசாம். இரண்டே நாள் தங்கப்போகிற குடும்பம்தானாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ வேறு.

சாவியக்கா பிளக்கைச் செருகினார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

“தொடுங்க சார்.”

“என்னம்மா இது, விளையாடுறியா?”

“மெக்கானிக் பார்த்தாச்சுன்னீங்களே. உங்க கையால ஒரு தடவை தொட்டுக் காட்டுங்க. நான் வாயே திறக்காம துடைச்சு வெச்சுட்டுப் போறேன்.”

ஓனர் கையை நீட்டினார். பாதியில் அது நின்றது. பக்கத்து ஆணியில் தொங்கிய துண்டை உருவி, இரண்டாக மடித்து, கைக்கும் அடுப்புக்கும் நடுவே பிடித்தார். பிடித்த பிறகுதான் தான் செய்வது அவருக்கே உறைத்தது போலிருக்கிறது.

“துணி வெச்சுத்தான் தொடணும்னு அந்தக் குழந்தைக்கு யாரு சார் சொல்லிக் கொடுப்பாங்க?”

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. வெட்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். “உனக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா? அதைச் சொல்லு” என்றார்.

மகள் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வராமல் இருக்குமா? வந்தது. வேலை வேண்டும். மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

சாவியக்கா ஸ்விட்சை அணைத்தார். பிளக்கை உருவினார். இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, இனி ஒட்டுப்போட மிச்சமில்லாதபடி அடுப்பின் விளிம்பிலேயே ஒயரை நறுக்கினார். “ஏய், என்ன பண்ற?” என்று ஓனர் கத்தினார். சாவியக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுந்த ஒயரை மேடைமேல் நீட்டிப் போட்டு, விரல் நீளம் விரல் நீளமாக வெட்டிக்கொண்டே போனார்.

காலிங் பெல் அடித்தது. வெளியே ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம். கையில் மிஞ்சியிருந்த கடைசி ஒயர்த் துண்டையும் இரண்டாக நறுக்கிப் போட்டுவிட்டுத்தான், சாவியக்கா கதவைத் திறக்கப் போனார்.