ஒன்பது கிராம் உப்பு

டயாலிசிஸ் வார்டில் அவருக்குச் சொட்டு சார் என்று பெயர். "ஒரு சொட்டு குளோரின் போனாலும் ரத்தம் கெட்டுடும்" என்று வாரத்தில் பத்துத் தடவையாவது சொல்வார், பெயர் ஒட்டிக்கொண்டது. வார்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்து நோயாளிகளின் இயந்திரங்களுக்கு அனுப்புவதுதான் வேலை. பத்தொன்பது வருடங்களாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரைக் காவல் காத்தவர். சோதனைக் குச்சி நிறம் மாறுவதற்கு முன்பே, குளோரினை மூக்கால் கண்டுபிடித்துவிடுவார். நர்ஸ்கள் அந்த மூக்கைக் கிண்டல் செய்வார்கள். அவருக்கோ அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்ட மனிதர் மூன்று நண்டுகளுக்குத் தண்ணீர் வைக்கத் தெரியாமல் போனார் என்றால் யார் நம்புவார்கள்?

நண்டுகள் மகளுடையவை. ஓட்டைச் சுமந்துகொண்டு மணலில் ஊரும் சங்கு நண்டுகள். பெரியவர், சோம்பேறி, வாயாடி என்று அவள்தான் பெயர் வைத்தாள். வாயாடி கோபம் வந்தால் கீச்சென்று கத்தும். அவரும் மனைவியும் பிரிந்தபோது மகள் அம்மாவோடு வேறு ஊருக்குப் போனாள். அம்மாவுக்கு நண்டென்றாலே அருவருப்பு. அதனால் கண்ணாடித் தொட்டி அப்பாவிடமே தங்கியது. "லீவுக்கு லீவு வந்து பாத்துக்கறேன்" என்றாள் பதினோரு வயதுக்காரி. யாரைப் பார்க்க வருகிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முதல் விடுமுறையில் வந்து பத்து நாளும் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவரும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். அது போதும் என்று இருந்தது.

கிளம்பும்போது ஒரு தாளில் எழுதி, கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனாள். "இடது கிண்ணம் நல்ல தண்ணி. வலது கிண்ணம் கடல் தண்ணி. வளர்ப்பு மீன் கடைல வாங்குன பாக்கெட் உப்பு மட்டும். சமையல் உப்பு கூடாது, கூடாது, கூடாது."

ஞாயிறு தோறும் போன் வரும். எடுத்ததுமே, "கடல் தண்ணி மாத்துனீங்களாப்பா?"

"மாத்திட்டேம்மா."

"வாயாடி கத்துச்சா?"

"காலைலயே ஒரு பாட்டம் முடிச்சிட்டா."

பொய் இல்லை. மாற்றத்தான் செய்தார். ஆனால் அந்தப் பாக்கெட் உப்பைக் கரைத்த முதல் நாளே அவருக்குச் சுருக்கென்றது. தண்ணீர் கலங்கியது, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. வாழ்க்கை முழுக்கத் தண்ணீரிலிருந்து அதையும் இதையும் வெளியேற்றிய மனிதருக்கு இது பொறுக்குமா? மகள் சமையல் உப்புத்தானே கூடாது என்றாள்! ஆஸ்பத்திரிக்கு வரும் உப்பு சமையல் உப்பைவிட எத்தனையோ மடங்கு சுத்தம். மருந்துக் கடையில் சொல்லி அதே உப்பை வரவழைத்தார். ஆஸ்பத்திரியில் வடிகட்டிய தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து, லிட்டருக்கு ஒன்பது கிராம், இம்மி பிசகாமல் நிறுத்துப் போட்டார். மனித ரத்தத்துக்கு ஏற்றும் சலைனின் அளவு அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் வாயில் வரும் அளவு. கிண்ணத்தில் ஊற்றியபோது தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு தெளிவு. பாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டார்.

மூன்றாம் மாதம் சோம்பேறி செத்தது. எப்போதும் ஒரே இடத்தில் கிடக்கும் ஜீவன் என்பதால் தெரியவே நான்கு நாளானது. மகளிடம் மூச்சு விடவில்லை. அடுத்த மாதம், வேலை முடிந்து வந்து பார்க்கிறார், வாயாடி ஓட்டைவிட்டு வெளியே வந்து, அம்மணமாக, வலது கிண்ணத்தின் ஓரத்தில் கிடந்தது. ஒரு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்து, மூடினார். "போயிடுச்சு சார். என்ன தண்ணி வச்சீங்க?"

சொட்டு சார் சொன்னார். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார், பாவம்.

"ரத்தத்துல ஏத்துற தண்ணியா? நண்டுக்கு என்ன சார், ஆபரேஷனா?" என்று சிரித்தவர், எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "கடல் தண்ணில இதுபோல நாலு மடங்கு உப்பு சார். அதுவும் வெறும் உப்பு இல்ல. சுண்ணாம்பு, இன்னும் என்னென்னமோ இருக்கு. தோல் உரிச்சா அதெல்லாம் இருந்தாதான் புதுத் தோல் கெட்டியாகும். நீங்க அத்தனையையும் எடுத்துட்டு சுத்தமா வச்சிருக்கீங்க."

"இன்னும் ஒண்ணு இருக்கு. மணலுக்குள்ள போயி ஒரு வாரமாச்சு."

"தோல் உரிக்கப் போயிருக்கும். ரெண்டு மாசம்கூட ஆகும். தோண்டிடாதீங்க, தோண்டினா போச்சு. சரியான கடல் தண்ணி வச்சுட்டுக் காத்திருங்க."

காத்திருந்தார். சரியான பாக்கெட், சரியான அளவு, தினம் புதுத் தண்ணீர். கலங்கல் தானாகத் தெளியட்டும் என்று ஒருநாள் முன்கூட்டியே கலக்கி வைத்தார். மகள் வரும் சனிக்கிழமையை நாள்காட்டியில் வட்டமிட்டார். பெரியவர் ஒருவர் மட்டும் எழுந்து வந்துவிட்டால், மற்ற இரண்டையும் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம். வேலைக்குப் போகுமுன் மணலைப் பார்ப்பார், வந்ததும் பார்ப்பார். ஒரு மணல்கூட அசையவில்லை.

அவள் வருவதற்கு மூன்று நாள் முன்பு ஒரு வாசனை வந்தது. ஈர மணல் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்த மூக்கை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். வேறென்ன செய்வார்?

மகள் வந்தாள். ஒரு சாண் உயர்ந்திருந்தாள். பையைக்கூட இறக்காமல் மூடியைத் திறந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள்.

"மூணும் எங்கப்பா?"

அவர் சொல்லத் தொடங்கினார். ஒன்பது கிராமையும் மறைக்கவில்லை. அவள் முழுவதும் கேட்டாள். பிறகு கரண்டியால் மணலை மெல்ல விலக்கினாள். பெரியவர் பாதித் தோலை உரித்த நிலையில் கிடந்தது. புதுத் தோல் ஈரக் காகிதம் மாதிரி இருந்தது, தொட்டதும் கிழிந்தது.

அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தார். பென்சில் தொலைந்ததற்கு வீட்டை இரண்டாக்கியவள். கத்தட்டும், அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நின்றார்.

"பரவாயில்லப்பா. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள். வேற்று வீட்டுக்கு வந்த பிள்ளை கண்ணாடி டம்ளரை உடைத்த அந்த வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல், அவ்வளவு மரியாதையாக. அங்கேதான் அவருக்கு எல்லாம் போயிற்று.

பத்து நாள் இருக்க வந்தவள் நான்காம் நாள், "அம்மா தனியா இருப்பாங்க" என்றாள். மூன்று ஓடுகளையும் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பும் முன், "அடுத்த லீவுக்கு எப்பம்மா?" என்று கேட்டார்.

"பாக்கலாம்பா."

தொட்டியை அவர் இன்னும் காலி செய்யவில்லை. கண்ணாடியில் அந்தத் தாளும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் தவறாமல் வந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"இருக்கேம்மா. நீ?"

"நல்லா இருக்கேன்."

அதற்கு மேல் கேட்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. "சரிப்பா, வச்சிடறேன்" என்றாள்.