எட்டுப் படமும் ஒரு வெள்ளைச் சுவரும்

மை கழுவும் திரவத்தின் வாசம்... இரண்டு தரம் சவர்க்காரம் போட்டாலும் கையை விட்டுப் போகாது. மத்தியானச் சோற்றிலும் அதே வாசம்தான்.

2003, 2004 இருக்கும். கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு தமிழர் அச்சகம். நான் மிஷின் ஓட்டினேன். டிசைன் செய்தவர் கொசி, டோகோ நாட்டுக்காரர். ஊரில் ஓவியராகப் பெயர் எடுத்த மனிசன், இங்கே பீட்சா நோட்டீசும் எங்கள் சனத்தின் கல்யாணக் கார்டும் செய்தார். முகம் சுளித்ததே இல்லை.

நிறம் சரியாகப் பிடிக்கும்வரை பழைய வேஸ்ட் தாளைத்தான் மிஷினில் திரும்பத் திரும்ப ஓட விடுவோம். பீட்சாவுக்கு மேல் மணமகள், அதற்கு மேல் அந்தோனியார் திருவிழா... எனக்கு அது குப்பை. கொசி அதைப் பொறுக்கி, வேலை முடிந்ததும் பின்னறையில் அதன்மேல் வரைவார். அப்படி நாற்பது படம் சேர்ந்தது. கனடாவில் அவருடைய முதல் கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

முதலாளி சொன்னார்: "தம்பி, நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் வாறான். பின்னறைக் குப்பை எல்லாத்தையும் எறிஞ்சு விடு."

எறிந்தேன். தட்டில் இருந்த தாள் அடுக்கின் மேலே கிடந்தது வெறும் வேஸ்ட். கீழே கொசியின் நாற்பது படமும் இருந்தன; புரட்டிப் பார்க்கவில்லை, மடையன். ரீசைக்ளிங் லொறி அள்ளிக்கொண்டு போய்விட்டது.

கொசி வந்து வெறும் தட்டைப் பார்த்தார். நான் எறிந்ததைச் சொன்னேன்.

"பா க்ராவ்" என்றார் பிரெஞ்சில்.

பரவாயில்லையாம்! நாலு ஏச்சு ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து நாளும் அவர் வரைந்தார், நான் பக்கத்தில் நின்று காயவைத்தேன். எட்டுத்தான் முடிந்தது.

கண்காட்சி அன்று, அவ்வளவு பெரிய வெள்ளைச் சுவரில் எட்டே எட்டுப் படம். நான் வெட்கத்தில் கதவடியில் நின்றேன். ஒரு பெண்மணி கொசியிடம், "இவ்வளவு இடத்தை வெறுமையாக விட என்ன துணிவு!" என்று வியந்தார்.

கொசி என் கையைப் பிடித்து இழுத்தார். "படம் நான் செய்தது. வெறும் இடம் இவர் செய்தது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது நான் பக்கத்து நகரமான லவாலில் டிஜிட்டல் மிஷின் ஓட்டுகிறேன். முதல் தாளே சரியாக வருகிறது, வேஸ்ட் என்று ஒன்று இல்லை. கொசி நோட்டீஸ் வேலையை விட்டுப் பல வருடம். பெரிய மண்டபங்களில் அவர் படங்கள் தொங்குகின்றன.

போன மாதம் மகளோடு பார்க்கப் போனேன். ஒரு முழுச் சுவரை வெறுமையாக விட்டிருந்தார்.

"அப்பா, இதில ஏன் ஒண்டும் இல்லை?"

"அது அப்பா செய்தது, பிள்ளை."